எங்களிடம் இல்லை என்று சொன்னேன்

1

என் ராத்தா, கூடப் பிறந்த அக்கா, என்னோடு பேச்சை நிறுத்தி இன்றைக்கு ஐம்பது நாள். அவள் புத்தளத்தில் இருக்கிறாள். நான் ஜெர்மனியில், எசன் நகரத்தில். இந்த இருபத்தாறு வருடத்தில் நாங்கள் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததில்லை. முன்பு டெலிபோன் கார்டைச் சுரண்டிச் சுரண்டிப் பேசினோம், இப்போது வாட்ஸ்அப். இன்று காலையும் பழக்கத்தில் அவள் பெயரை அழுத்திவிட்டேன். மணி போகவில்லை. என்னைத் தடுத்து வைத்திருக்கிறாள்.

ஊரில் என்னைப் பற்றிக் கதை உலாவுகிறதாம். ஃபரீதா வெள்ளைக்காரியாகிவிட்டாள், யாரோ ஒரு ஆபிரிக்கப் பெட்டையின் பேச்சைக் கேட்டு மார்க்கத்தை விட்டுவிட்டாள் என்று. நான் ஐந்து நேரமும் தொழுகிறேன். அந்த ஆபிரிக்கப் பெட்டையும் தொழுகிறாள். நடந்ததை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது.

2

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில். நிலக்கீழ் அறை. மூன்று பெரிய இயந்திரங்கள், ஒரு நீராவி இஸ்திரி, உடுப்புகளில் பெயர்த்துண்டு ஒட்டும் ஒரு சின்ன அழுத்தி. கணவர் மௌத்தாகி நான்கு வருடம். ஒரே மகள் சப்ரினா. அவள் ஹனோவரில் படிக்கிறாள், மாதம் ஒருமுறை வருவாள். மற்ற நாட்களில் நான் அதிகம் பேசுவது இயந்திரங்களோடுதான்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஹோதான் அங்கே தாதிப் பயிற்சிக்கு வந்தாள். சோமாலியப் பிள்ளை, அப்போது இருபது வயது. நடக்கத் தெரியாதவள், எங்கே போனாலும் அரை ஓட்டம். சாப்பாட்டு அறையில் பன்றி இறைச்சி மணக்கும் நாட்களில் இருவரும் சலவைக்கூடத்தில் இருந்து சாப்பிடத் தொடங்கினோம். சோற்றோடு வாழைப்பழத்தைச் சேர்த்துச் சாப்பிடுவாள். எங்கள் உம்மாவும் அப்படித்தான் என்று சொன்னபோது துள்ளிக் குதித்தாள். லுஹர் தொழுகைக்கு நான் புதிதாகத் தோய்த்த விரிப்பு ஒன்றை விரிப்பேன், பக்கத்தில் வந்து நிற்பாள். என்னை 'எட்தோ' என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் மாமி. நாங்கள் பேசிக்கொண்டது ஜெர்மன் மொழியில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றிக்கொண்டு, கை நிறையத் துண்டுப்பிரசுரங்களோடு வந்தாள். என்னவென்று கேட்டேன்.

"பெஷ்னைடுங் பற்றி. அதுக்கு எதிராகக் கதைக்கப் போறன்."

எனக்குத் தெரிந்த 'பெஷ்னைடுங்' மரத்துக் கிளை வெட்டுவது. எங்கள் இல்லத்தின் முற்றத்தில் வருடா வருடம் தோட்டக்காரர் வந்து செய்வார், அறிவித்தல் பலகையில் அப்படித்தான் எழுதுவார்கள். "நல்லது, மரங்கள் பாவம்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "மரம் இல்லை எட்தோ, நான்" என்றாள்.

பெண்பிள்ளைகளின் உறுப்பை வெட்டும் கத்னாவுக்கும் ஜெர்மனில் அதே சொல்தானாம். அன்று பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். ஏழு வயதில், அவளுடைய ஊரில். புதுச் சட்டை போட்டுவிட்டார்கள், பேரீச்சம்பழம் தந்தார்கள், பெண்கள் பாடினார்கள். அவளுடைய தாய் மட்டும் காலையிலேயே வீட்டைவிட்டு எங்கோ போய்விட்டாள். மற்றதைச் சொல்ல அவள் நிறைய வார்த்தை செலவழிக்கவில்லை, நானும் செலவழிக்கப் போவதில்லை. பதினொரு வயதில் ஜெர்மனிக்கு வந்தாள். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். பாடசாலைச் சுற்றுலாவில் அவள் கழிவறையில் கால் மணி நேரம் இருப்பாள், மற்றப் பிள்ளைகள் கதவைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள்.

"அதெல்லாம் தாங்கினனான்" என்றாள். "பதினாறு வயசில வயித்துக் குத்தோட ஒரு டொக்டரிட்டப் போனன். அவர் பாத்திட்டு, வெளியில நிண்ட மூண்டு மாணவர்களைக் கூப்பிட்டார். வாங்கோ, இது அடிக்கடி காணக் கிடைக்காது எண்டார். என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. நான் மேல லைட்டைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தன். அண்டைக்குத்தான் நினைச்சனான், இனி எங்கட பொம்பிளையள் ஒருத்தரும் டொக்டரிட்டத் தனியாப் போகக்கூடாது எண்டு."

அப்படித்தான் அவள் தொடங்கியிருக்கிறாள். சோமாலியப் பெண்களோடு துணைக்குப் போய் மொழிபெயர்ப்பது. பிறகு அந்தப் பெண்களின் சின்ன மகள்களைப் பற்றிக் கேட்பது. தலைமுடி பின்னும் கடைகளில், கல்யாண வீடுகளில், பள்ளிவாசலின் பெண்கள் பகுதியில். சில வீடுகளில் தேத்தண்ணி கொடுத்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெண், உனக்கு ஒருத்தனும் வாய்க்கமாட்டான் என்று சாபம் போட்டாளாம்.

சொல்லி முடித்துப் பிரசுரங்களை அடுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "உங்கட ஆக்களிட்ட இது இருக்கோ எட்தோ?"

"இல்லை" என்றேன். "எங்களிட்ட அப்படி ஒண்டும் இல்லை."

3

பொய்.

எங்களில் பலரிடம் இது இருக்கிறது, பலரிடம் இல்லை. இருக்கிறவர்கள் வெளியில் பேசுவதில்லை. குழந்தை பிறந்து நாற்பது நாளுக்குள், கத்னா செய்யும் ஒஸ்தா மாமி வருவாள். ஒரு கதவைச் சாத்துவார்கள். ஆண்களுக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருப்பார்கள். மார்க்கத்தில் உள்ளது என்று என் உம்மா சொன்னா, உம்மாவுக்கு அவவுடைய உம்மா சொன்னாவாம். இல்லை என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் தெரிந்தது. கேட்கவேண்டும் என்று தோன்றியிருந்தால் முந்தியே தெரிந்திருக்கும்.

சப்ரினா எசனில் பிறந்தவள். எட்டு மாதக் குழந்தையாக முதல்முறை புத்தளத்துக்குக் கொண்டுபோனேன். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் புலிகளால் துரத்தப்பட்டு வந்த எங்கள் குடும்பம் அப்போதும் கிடுகு வேலிக்குள்தான் இருந்தது. போய் மூன்றாம் நாள் ராத்தா சொன்னாள், "பிந்திப்போச்சு, எண்டாலும் பரவாயில்லை, நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறன்." நான் மறுத்துப் பேசவில்லை. பயப்படக்கூட இல்லை, அதுதான் உண்மை. காது குத்துவதைப் போல ஒன்று என்று நினைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குழந்தை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கால்களைப் பிடித்திருந்தது நான்.

ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. அது பெண்கள் அலுவல். மறந்தும்விட்டேன். இப்படி ஒன்றை எப்படி மறப்பீர்கள் என்று சப்ரினா பிறகு கேட்டாள். விமானச் சீட்டையும், வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் திகதியையும், பாலர் பாடசாலை விண்ணப்பத்தையும் ஞாபகம் வைத்திருந்தவள் இதை மறந்தேன்.

ஹோதானிடம் பொய் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெயர்த்துண்டுகளை மாற்றி ஒட்டினேன். ஒரு கிழவரின் சட்டை வேறொருவரின் அலுமாரிக்குப் போய்ச் சண்டை வந்தது. இஸ்திரியில் கையைச் சுட்டுக்கொண்டேன். அவள் ஓடிவந்து மருந்து போட்டாள். அப்போதும் சொல்லவில்லை.

4

போன வருடம் இலையுதிர் காலத்தில் நகர மண்டபம் ஒன்றில் ஹோதான் பேசுவதாக ஏற்பாடாயிற்று. மருத்துவிச்சிகள், ஆசிரியர்கள், பொதுமக்கள் எல்லோருக்கும். அந்த வாரம் சப்ரினா வந்திருந்தாள். "உங்கட சிநேகிதி கதைக்கிறாவாம், நானும் வாறன் உம்மா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

நாங்கள் போனபோது மண்டப வாசலில் வாக்குவாதம். ஏற்பாட்டாளர்கள் ஆளுயரச் சுவரொட்டி வைத்திருந்தார்கள். அழுகிற ஒரு கறுப்புப் பெண்குழந்தையின் முகம், குறுக்கே ஒரு சவர அலகு.

"இதைக் கழட்டுங்கோ" என்றாள் ஹோதான்.

ஏற்பாட்டாளர் நல்ல மனுஷி. குரலை உயர்த்தவில்லை. "இப்படிக் காட்டினால்தான் சனத்தின் மனதில் தைக்கும், ஹோதான். படம் இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள்."

"அப்ப அவை வரத் தேவையில்லை. இந்தப் படத்தைப் பாத்தா என்ர அம்மா உள்ளுக்க வருவாவோ? ஒரு சோமாலியத் தாய் வருவாளோ? அவையை வெட்டுக்காரர் எண்டு வாசலிலேயே சொல்லிப்போட்டு, பிறகு உள்ளுக்க வந்து கேளுங்கோ எண்டா எப்பிடி?"

அந்தப் பெண் யோசித்துக்கொண்டு நின்றாள். ஹோதான் காத்திருக்கவில்லை. கதிரையில் ஏறித் தானே கழற்றினாள். சப்ரினா கைப்பையை என்னிடம் தந்துவிட்டு ஓடிப்போய் மறு மூலையைப் பிடித்தாள். இருவருமாகச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்கள்.

ஹோதான் பேசியது அரை மணி நேரம். அழவில்லை, யாரையும் அழவைக்கவும் இல்லை. பிரசவ அறையில் என்ன கேட்கவேண்டும், என்ன கேட்கக்கூடாது, சின்னப் பிள்ளையை நீண்ட விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுபோகும்போது ஆசிரியர் தாயோடு எப்படிப் பேசலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு கடிதத்தை உயர்த்திக் காட்டினாள். ஷூட்ஸ்பிரீஃப், பாதுகாப்புக் கடிதம். ஜெர்மன் அரசாங்கத்துடையது, கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் செய்தாலும் இங்கே அது குற்றம், சிறை கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது.

"இது பயமுறுத்துறதுக்கு இல்லை" என்றாள். "செய்ய விருப்பமில்லாத தாய்மார் கனபேர் இருக்கினம். மாமியாருக்கு மறுத்துச் சொல்ல அவையளுக்கு ஏலாது. இதைக் காட்டிச் சொல்லலாம்: எனக்கு விருப்பம்தான், ஆனால் ஜெர்மன்காரன் பிடிச்சு உள்ளுக்க போட்டுடுவான். அவையளுக்கு இது ஒரு சாட்டு. நல்ல சாட்டு."

சனம் சிரித்தது. பிறகு ஒரு ஆசிரியர் கை தூக்கி, இது ஆபிரிக்காவில் மட்டும்தானே என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் ஹோதான். சில நாடுகளின் பெயர்களைச் சொன்னாள். எகிப்து, ஈராக்கின் சில பகுதிகள், இந்தோனேசியா. பிறகு, "இந்தியாவிலயும் இலங்கையிலயும்கூட, சில முஸ்லிம் சமூகங்களில" என்றாள். என் பக்கம் பார்க்கவேயில்லை. அவள் பார்க்காமல் விட்டதிலிருந்து எனக்குப் புரிந்தது. என் பொய்யை அவள் எப்போதோ அறிந்திருக்கிறாள்.

சப்ரினா திரும்பினாள். "ஷ்டிம்ட் டாஸ், உம்மா? உண்மையா?"

நான் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினேன். திறந்து மூடினேன்.

"உம்மா. எனக்கு?"

5

மண்டபத்துக்கு வெளியே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் வைத்து அவளுக்குச் சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கால்களைப் பிடித்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவளுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் இன்னொரு பொய்யைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

அவள் அழவில்லை. "எந்தப் பாஷையில உங்களைப் பேசுறது எண்டு தெரியேல்ல" என்றாள். "தமிழில எனக்கு அவ்வளவு சொல்லுத் தெரியாது."

அன்றே ரயில் ஏறி ஹனோவருக்குப் போய்விட்டாள்.

மகளிர் மருத்துவரிடம் டெர்மின் கிடைக்க இரண்டரை மாதம் காத்திருந்தாள். அதற்கு முன் நிரப்பவேண்டிய படிவத்தில் 'முன்பு செய்த அறுவைச் சிகிச்சைகள்' என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதில் என்ன எழுத என்று ஹோதானிடம் கேட்டிருக்கிறாள், என்னிடம் இல்லை. அவளோடு ஹனோவர்வரை போய் உள்ளே இருந்ததும் ஹோதான்தான். நான் அன்று முழுக்க வீட்டில் அலுமாரிகளைத் துடைத்தேன்.

மாலையில் சப்ரினா அழைத்தாள். சின்னத் தழும்பு ஒன்று இருக்கிறதாம். வேறு பெரிதாக ஒன்றும் இல்லையாம். அல்ஹம்துலில்லாஹ், சின்னன்தானே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"சின்னன் எண்டு நீங்க சொல்லாதேங்கோ" என்றாள். "டொக்டர் சொல்லலாம். நான் சொல்லலாம். நீங்க சொல்லக்கூடாது." வைத்துவிட்டாள்.

மறுநாள் ஹோதானை எதிர்கொள்ள வெட்கமாக இருந்தது. அவள் வழக்கம்போல் சோற்றுப் பெட்டியோடு வந்து இருந்தாள். மன்னித்துக்கொள் என்றேன்.

"கோவம்தான்" என்றாள். "அந்தப் பொய்யோட ஒண்டரை வருசம் என்னோட இருந்து சாப்பிட்டீங்க. ஆனா எனக்கு எங்கட அம்மாவையும் தெரியும். அண்டைக்கு மண்டபத்தில அவ கடைசி வரிசையில இருந்தவ, கண்டனீங்களோ? கோட்டைக் கழட்டவேயில்லை. ட்ராமில எனக்குப் பின்சீட்டில வந்தா, ஒண்டும் கதைக்கேல்ல. வீட்ட வந்து சாப்பாடு போட்டா. போட்டிட்டுச் சொன்னா, அண்டைக்கு நான் வெளியில போனது உன்ர சத்தத்தைக் கேக்க ஏலாமல்தான் எண்டு. பதினாறு வருசத்துக்குப் பிறகு." அவள் பழத்தை உரித்தாள். உரித்துவிட்டுச் சாப்பிடாமல் வைத்திருந்தாள். "நான் எங்கட ஆக்களோட கதைப்பன். உங்கட ஆக்களோட நான் கதைச்சா, அது சோமாலியாக்காரற்ற பிரச்சினை எண்டு எழும்பிப் போவினம். நீங்க சொன்னது மாதிரி."

6

இந்த வருடத் தொடக்கத்தில் ராத்தா ஒரு சந்தோஷச் செய்தி சொன்னாள். அவளுடைய மகனின் மனைவி நஸ்ரியாவுக்குப் பெண்குழந்தையாம், வைகாசி அளவில் பிறக்குமாம். நானும் சந்தோஷப்பட்டேன். பேச்சோடு பேச்சாக ராத்தா சொன்னாள்: "ஒஸ்தா மாமி ஏலாமல் கிடக்கிறா, எண்டாலும் அவட மகள் செய்யிறாளாம். நாப்பதுக்கு முதல் முடிச்சிடவேணும்."

"வேண்டாம் ராத்தா" என்றேன். இருபத்துச் சொச்சம் வருடம் பிந்தி வந்த சொல்.

"என்ன வேண்டாம்?"

சொன்னேன். இங்கே அரசாங்கம் கொடுக்கும் கடிதத்தைப் பற்றியும், சப்ரினா என்னோடு ஒழுங்காகப் பேசுவதில்லை என்பதையும் சொன்னேன். ராத்தா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உன்ர பிள்ளை ஜெர்மன்காரி, அவளுக்கு எல்லாம் பிரச்சினைதான். இஞ்சத்தப் பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லை" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து நஸ்ரியாவிடமிருந்து ஒரு குரல்செய்தி. பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம், குளியலறைக்குள்ளிருந்து பேசியிருக்கவேண்டும்.

"சின்னமாமி, நீங்க மாமியோட கதைச்சதை நான் கேட்டனான். எனக்கும் விருப்பமில்லை. எனக்குச் சொல்ல ஏலாது. அங்க ஒரு கடிதம் குடுக்கினம் எண்டு சொன்னீங்க. எனக்கும் அப்பிடி ஒண்டு அனுப்ப ஏலுமோ?"

அந்தக் கடிதம் இலங்கையில் வெறும் தாள். ஜெர்மன்காரன் புத்தளத்துக்கு வந்து யாரையும் பிடிக்கப்போவதில்லை. ஹோதானுக்கு அந்தக் குரல்செய்தியைப் போட்டுக் காட்டி, வரிவரியாக மொழிபெயர்த்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவளிடம் யோசனை கேட்டேன்.

"அவ கேட்டது என்னட்ட இல்லையே எட்தோ" என்றாள். "உங்களிட்ட."

மாதக்கணக்கில் எழுதிக் கிழித்தேன். ஆரம்பத்தில் ஹதீஸ், டொக்டர்மார், சட்டம் என்று தேடித்தேடிப் போட்டேன். எல்லாம் யாரோ எழுதியது போல இருந்தது. கடைசியில் இரண்டு பக்கம்தான் வந்தது. ராத்தாவுக்கு. அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தோம், யார் கதவைச் சாத்தினது, யார் காலைப் பிடித்தது, பிள்ளை எவ்வளவு நேரம் கத்தினாள் என்று நடந்ததை நடந்தபடி. அவளைக் குற்றம் சொல்லவில்லை. 'நாங்கள் இரண்டு பேரும்' என்றே எழுதினேன். என்னுடைய மகள் என்னிடம் கேட்டதை உன்னுடைய பேத்தி உன்னிடம் கேட்கும் நாள் வரவேண்டாம் என்று முடித்தேன்.

குழந்தை பிறந்து எட்டாம் நாள் அதைப் படம் பிடித்து ராத்தாவுக்கும் நஸ்ரியாவுக்கும் அனுப்பினேன். இருவரும் வாசித்ததற்கு நீலக் குறிகள் விழுந்தன. பத்து நிமிடத்தில் ராத்தா ஒரு வரி எழுதினாள்: 'எங்கட உம்மாவைக் கபுறுக்குள்ளயும் நிம்மதியா இருக்க விடேல்ல நீ.' அதற்குப் பிறகு அவளுடைய படம் மறைந்துவிட்டது.

7

நாட்களை எண்ணினேன். நஸ்ரியாவிடமிருந்து சத்தமில்லை. எழுதினால் அவளுக்கு இடைஞ்சலாகுமோ என்று நானும் எழுதவில்லை. பன்னிரண்டு, இருபது, முப்பத்தொன்று. வேலையில் ஹோதான் தினமும் படிக்கட்டிலிருந்தே கேட்பாள், "ஏதும்?" இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவளுக்கு இறுதிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அதற்கிடையிலும் மருத்துவிச்சிகளின் பாடசாலை ஒன்றில் பேச அழைத்திருந்தார்கள். என்னையும் வரச்சொன்னாள். போனேன். பேசி முடித்துவிட்டு, "இவ ஃபரீதா. இவவுக்கும் ஒண்டு சொல்ல இருக்கு" என்றாள். என் ஜெர்மன் இலக்கணம் முழுக்கப் பிழைத்தது. ஐந்து நிமிடம் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் செய்தி வந்தது. இம்முறை தண்ணீர்ச் சத்தம் இல்லை.

"சின்னமாமி, நாப்பது கழிஞ்சிட்டுது. ஒண்டும் செய்யேல்ல. ஒஸ்தா மாமிட மகள் ரெண்டு தரம் வந்தவ. நான் பிள்ளையை மடியால இறக்கேல்ல. குளிக்கவும் தூக்கிக்கொண்டு போனன். ரெண்டாந்தரம் வரேக்க மாமிதான் வாசலில நிண்டு, இண்டைக்கு வேண்டாம், போங்கோ எண்டு அனுப்பினவ. ஏன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல. உங்கட கடிதத்தை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சவ, நான் கண்டனான். ஆனா உங்களோட கதைக்கமாட்டாவாம். உங்கட பேரை எடுத்தாலே எழும்பிப் போறா."

ராத்தா பேசாவிட்டால் பரவாயில்லை என்று எழுத ஆசை. பரவாயில்லாமல் இல்லை. அவள்தான் எனக்குத் தலை வாரிவிட்டவள், இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள். அவள் இதை வாசிப்பாளோ தெரியாது. வாசித்தால்: நீ வாசலில் நின்றாய் என்று கேள்விப்பட்டேன் ராத்தா.

செய்தியை ஹோதானுக்கு அனுப்பினேன். வார்த்தை இல்லாமல் ஒரு நிமிடம் கத்திச் சிரிக்கும் குரல்செய்தி ஒன்று திரும்பி வந்தது. பிறகு சப்ரினாவுக்கு அனுப்பினேன். அவளுக்கு எழுதினால் பதில் வர இரண்டு மூன்று நாளாகும், வந்தாலும் ஒரு சொல். அன்றைக்கு அழைத்தாள். பத்து மாதத்தில் அவளாக அழைத்தது அது இரண்டாவது முறை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?"

"ஆயிஷா."

"படம் இருக்கோ?"

அனுப்பினேன். பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. ஹனோவரில் எங்கோ ஆம்புலன்ஸ் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு இன்னும் கோவம் போகேல்ல, உம்மா."

"போகவேண்டாம் மகள்" என்றேன். "கோவத்தோடயே கதை. வைச்சிடாத."

அவள் வைக்கவில்லை.